மீன் வயிற்றில் எத்தனை நாள்

1

கார்த்திகை மாதத்தில் என் மகள் கைபேசியில் ஒரு படம் அனுப்பினாள். அவள் அதை அனுப்பாமல் இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இங்கே நோர்வேயில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கிழமைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டு ஏதாவதொரு வேலைத்தளத்துக்குப் போய்வர வேண்டும். பிறகு அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். லியாவின் சிநேகிதிகள் பேக்கரிக்கும் முன்பள்ளிக்கும் போனார்கள். லியா மட்டும், "நான் அம்மாவோட வாறன்" என்றாள். பேருந்தில் என்னோடு ஏறினாலும் இரண்டு இருக்கை தள்ளி உட்காருகிற பிள்ளை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனதை மாற்றிவிடுவாள் என்று நினைத்தேன்.

நான் வேலை செய்வது கடலோரத்தில் இருக்கும் ஒரு மீன் ஆய்வு நிலையத்தில். ஆராய்ச்சியாளர் அல்ல, உதவியாளர். தொட்டிகளில் வளரும் கொட் மீன்களுக்கு அளந்து சாப்பாடு கொடுப்போம். குறித்த மணித்தியாலங்கள் கழிந்ததும் சிலவற்றைப் பிடித்து, மருந்துத் தண்ணீரில் உணர்விழக்கச் செய்து கொன்று, இரைப்பையைத் திறந்து, உள்ளே மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று நிறுப்போம். ஒரு மீன் தின்றது செமித்துப் போக எவ்வளவு நேரம் எடுக்கும், அந்த நேரத்தைக் கூட்டுவது எது, குறைப்பது எது என்பதுதான் எங்கள் கேள்வி. பன்னிரண்டு வருடமாக நான் அந்த ஒரே கேள்விக்குள் இருக்கிறேன்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பான ஹில்டெ என்ற பெண்மணி லியாவுக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். கடலில் பிடித்த மீனின் வயிற்றில் இருப்பதைப் பார்த்தால் அது ஒரு நாளில் எவ்வளவு தின்கிறது என்று கணக்கிடலாம். ஆனால் உள்ளே போனது எத்தனை மணித்தியாலத்தில் கரைகிறது என்று தெரியாவிட்டால் அந்தக் கணக்கு பிழைத்துவிடும். லியா தலையாட்டினாள். ஹில்டெயுடன் அவள் இந்த ஊர்க்காரர்களின் இழுவையோடு, என் காது பிடிக்க முடியாத வேகத்தில் கதைத்தாள். மூன்றாம் நாள் கத்தியை அவளே கேட்டு வாங்கினாள்.

அன்று மத்தியானம்தான் அந்தப் படம். வெள்ளை மேலங்கியும் நீலக் கையுறையுமாக நான் நிற்கிறேன். முன்னால் தட்டில் வெட்டித் திறந்த ஓர் இரைப்பை. அதற்குள் பாதி கரைந்த ஒரு சிறிய மீன். உடல் கூழாகிவிட்டது, கண் மட்டும் தெரிகிறது. நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். லியா அதை எங்கள் குடும்பக் குழுவில் போட்டு, கீழே தமிழில் எழுதியிருந்தாள்: "அம்மாட வேலை. மீன் என்ன சாப்பிட்டது எண்டு பாக்கிறா."

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. என்னிடம் ஒரு சொல்கூடக் கேட்காமல் எழுதியிருந்தாள்.

அந்தக் குழுவில் ஐந்து பேர். நான், என் கணவர் சேவியர், லியா, கனடாவில் இருக்கும் சேவியரின் அக்கா, பிறகு திருகோணமலை லிங்கநகரில் எங்கள் வீட்டில் தனியாக இருக்கும் றெஜினா மச்சாள். என் அண்ணாவின் மனைவி. கனடாவிலிருந்து மூன்று இதயங்கள் வந்திருந்தன. மச்சாளும் படத்தைப் பார்த்துவிட்டா என்று கைபேசி காட்டியது. அவவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

"அந்தப் படத்தை எடுத்துவிடு" என்று லியாவிடம் சொன்னேன்.

"ஏன்?"

"றெஜினா மாமி மீன் சாப்பிடுறேல்லை."

லியா என்னை விளங்காமல் பார்த்தாள். தன் வகுப்பில் ஆறு பேர் மீன் சாப்பிடுவதில்லை, அதற்கும் படத்துக்கும் என்ன என்று நோர்வீஜிய மொழியில் கேட்டாள். அவளுக்கு ஒரு மாமா சுனாமியில் போனார் என்பது தெரியும். அதற்கு மேல் நான் சொல்லியிருக்கவில்லை.

2

மார்கழி வந்தால் இருபத்தொரு வருடம்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சேவியரின் பெரியம்மாவும் பெரியப்பாவும் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. சேவியர் நோர்வேயில் இருந்தார், படம் பார்த்துச் சம்மதித்திருந்தார். நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார்கள் என்று ஏற்பாடு. அன்று பௌர்ணமி, போயா விடுமுறை நாளும்கூட. இறைச்சிக் கடை எல்லாம் பூட்டு. அதனால் மீன்தான் என்று அம்மா சொன்னா.

அன்ரன் அண்ணா துறைமுகப் பக்கம் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். சந்தைக்குப் போய் மீன் வாங்கி வருவதாகத்தான் புறப்பட்டார். முற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றவரிடம் நான் போய்ச் சொன்னேன்.

"அண்ணா, சந்தை மீன் வேண்டாம். நத்தாருக்கு வந்த பழசுதான் கிடக்கும். நிலாவெளிக்குப் போங்கோவன். கடல் அடங்கிக் கிடக்குது, போட்டுகள் போயிருக்கும். கரையிலேயே வாங்கலாம்."

"அவ்வளவு தூரமோ?"

"முதல் முதல் வருகினம் அண்ணா."

அவர் சிரித்தார். "சரி. நோர்வேக்காரிக்குப் பச்சை மீன்தான் வேணுமாம்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. மச்சாள் காலைப் பூசைக்குப் போயிருந்தா. நான் சொன்னதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. லிங்கநகருக்குத் தண்ணீர் வரவில்லை. தெருவில் ஆட்கள் ஓடினார்கள், கடல் உள்ளே வந்துவிட்டது என்றார்கள். அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் மேசைக்குப் புது விரிப்பு விரித்துக்கொண்டிருந்தேன். விரித்து முடித்தேன் என்றுதான் ஞாபகம்.

மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிள் கிடைத்தது. கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, ஒரு முள்வேலியில் தலைகீழாகக் கிடந்தது. அண்ணா கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள், கோயில் மண்டபங்கள் என்று மச்சாளும் அப்பாவும் நானும் பதினாறு நாள் தேடினோம். முகங்களைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் கால்களை மட்டும் பார்க்கப் பழகினோம். அண்ணாவின் இடது பெருவிரல் நகம் கறுத்திருக்கும்.

3

அந்த மாதங்களில் எங்கள் பக்கம் யாரும் மீன் வாங்கவில்லை. ஏன் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடலுக்குள் எத்தனை பேர் போனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே மீன் இருக்கிறது என்பதும் தெரியும். ஒரு மீனின் வயிற்றில் மோதிரம் கிடந்ததாம் என்று ஒரு கதை சுற்றியது. சிலர் கிண்ணியாவில் என்றார்கள், சிலர் மூதூரில் என்றார்கள். யார் கண்டது என்று கேட்டால் ஒருவரும் இல்லை. மச்சாள் அந்தக் கதையைத் தேவாலயத்தில் கேட்டுவிட்டு வந்து, அண்ணாவின் மோதிர எழுத்து என்ன என்று அம்மாவிடம் கேட்டா. அவவுக்குத் தெரியாமல் இல்லை. அவ போட்ட மோதிரம்தான் அது.

சில மாதத்தில் சனம் பழையபடி மீன் வாங்கத் தொடங்கியது. எங்கள் வீட்டில் தொடங்கவில்லை. மீன் சட்டி, மீன் வெட்டும் அரிவாள் எல்லாவற்றையும் அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டா. கருவாடு, மாசி, ஒன்றும் இல்லை. யாரும் விரதம் என்று சொல்லவில்லை, நேர்த்தி என்றும் சொல்லவில்லை. வாங்கவில்லை, அவ்வளவுதான்.

மரணச் சான்றிதழுக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. உடல் இல்லாதவர்களுக்கென்று ஒரு படிவம் வந்திருந்தது. கிராம சேவகரின் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, இரண்டு சாட்சி, மனைவியின் கையெழுத்து. கையெழுத்துத்தான் தாமதம். மச்சாள் படிவத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டா. யாரும் அவவைக் கேட்கவில்லை. ஒரு நாள் தானாகவே எடுத்துக்கொண்டு மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்குப் போனா. அங்கே மேசையில் இருந்த எழுதுவினைஞர் பிள்ளை, "அம்மா, இறந்த இடம் எண்டதில என்ன எழுதுறது?" என்று கேட்டதாம். மச்சாள் நிலாவெளி என்று சொன்னா. "ஊரோ, கடலோ?" என்று அந்தப் பிள்ளை திரும்பவும் கேட்டதாம். அதுவும் பாவம், கட்டத்தை நிரப்பத்தானே வேண்டும். மச்சாள் என்ன பதில் சொன்னா என்று எனக்குத் தெரியாது. அப்போது நான் இங்கே வந்துவிட்டேன்.

ஓம், அந்தக் கலியாணம் நடந்தது. எட்டு மாதம் கழித்து, மேளதாளம் இல்லாமல். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. சேவியர் நல்ல மனிதர். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று அவர் சமைத்து வைத்திருந்தது மீன் குழம்பு. அவருக்குத் தெரியாது. நான் சாப்பிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எப்போதும் சாப்பிட்டேன். இங்கே கடல் வேறு என்று எனக்கு நானே ஒரு தடவை சொல்லிக்கொண்டேன், அதற்குப் பிறகு அதையும் சொல்லவில்லை.

அப்பா போனார், அம்மா போனா. இருவரையும் கடைசிவரை பார்த்தது மச்சாள். பிள்ளை இல்லை, மறுமணம் பேசியவர்களை வாசலோடு அனுப்பிவிட்டா. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறா. அடுத்த வருடம் ஓய்வு.

4

இந்த வேலைக்கு வந்தது ஒரு சொல்லால். மொழி வகுப்பு முடித்து, மீன் வெட்டும் தொழிற்சாலையில் ஆறு வருடம் நின்ற பிறகு, ஆய்வு நிலையத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். ஹில்டெதான் நேர்முகம் செய்தார். ஏன் இந்த வேலை என்று கேட்டார். மீன்களின் செமிபாட்டில் எனக்கு ஆர்வம் என்று சொல்ல நினைத்து ஒரு வாரம் பாடமாக்கியிருந்தேன். செமிபாட்டுக்கு அவர்கள் சொல் 'ஃபொர்தொய்யெல்ச'. இன்பம், களிப்பு என்பதற்கு 'ஃபொர்நொய்யெல்ச'. ஓரெழுத்துத்தான் வித்தியாசம். மீன்களின் இன்பத்தில் எனக்கு நீண்டகால ஆர்வம் என்று சொல்லிவிட்டேன். ஹில்டெ சிரிக்காமல் இருக்க மேசைக்குக் கீழே எதையோ தேடினார். வேலை கிடைத்தது.

ஊருக்கு நான் சொன்னது வேறு. "ஒரு ஒஃபிஸில வேலை" என்றேன். "என்ன ஒஃபிஸ்?" என்று மச்சாள் கேட்டா. "கணக்கு எழுதுறது மாதிரி." நான் எழுதுவதும் கணக்குத்தான். அதோடு அவ கேட்பதை விட்டுவிட்டா.

பன்னிரண்டு வருடத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதலாவது வெப்பம். குளிர்ந்த தண்ணீரில் நாள்கணக்காகக் கிடப்பது, சூடான தண்ணீரில் மணிக்கணக்கில் போய்விடும். அடுத்தது அளவு. பெரிய சாப்பாடு கூட நேரம் நின்றுதான் போகும். தின்ற பொருளும் முக்கியம். மெல்லிய சதை முதலில் கரையும், இறாலின் கோது பின்னுக்கு நிற்கும், கொழுப்பு கூடினாலும் தாமதம்தான். நெடுநாள் பட்டினி கிடந்த மீனுக்குச் சாப்பாடு கிடைத்தாலும் வயிறு உடனே வேலை தொடங்காது. பிறகு பயம். கடலிலிருந்து கொண்டுவந்து தொட்டியில் விட்ட மீனைச் சில கிழமை அப்படியே விட வேண்டும். அதற்குள் கொடுத்தால் ஒன்றில் கக்கிவிடும், இல்லாவிட்டால் தின்றது தின்றபடி கிடக்கும். ஒரு தடவை லொறி வழியில் பழுதாகி, நெடுநேரம் குலுங்கி வந்த மீன்களில் ஒன்றைத் திறந்தோம். அது எப்போதோ விழுங்கிய சிறுமீன் செதிலோடு முழுசாக இருந்தது. "பயந்துவிட்டது" என்றார் ஹில்டெ. நான் நிறையைப் பதிந்தேன்.

ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் அரசாங்க அனுமதி எடுக்க வேண்டும். எத்தனை மீன், ஏன் அத்தனை, அதற்கு வரக்கூடிய வேதனை சிறிதா, நடுத்தரமா, கடுமையா, எல்லாம் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். செத்த மீன் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு, திகதி உண்டு, இறந்த இடம் உண்டு: தொட்டி இரண்டு, தொட்டி ஐந்து. முதல் தடவை அந்தப் படிவத்தை நிரப்பியபோது ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கை குளிர்ந்திருந்தது, அதுதான் ஞாபகம்.

5

படம் போன நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மச்சாள் வீடியோ அழைப்பு எடுத்தா. இங்கே மத்தியானம் சாப்பிட்டு முடித்திருந்தோம். அங்கே விளக்கு வைக்கும் நேரம். பின்னால் பிரசங்கம் மாதிரி ஏதோ வானொலியில் போய்க்கொண்டிருந்தது. அவ அதைக் குறைக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். முகம் வழக்கம்போலத்தான் இருந்தது.

"ஜெனி, சாப்பிட்டிட்டியோ?"

"ஓம் மச்சாள். நீங்கள்?"

"இனித்தான். அந்தப் படம் பாத்தனான்."

"மச்சாள், லியாவுக்கு ஒண்டும் தெரியாது. அவள்..."

"பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. வடிவாத் தமிழ் எழுதியிருக்கிறாள். அப்ப உன்ர ஒஃபிஸ் அதுதானோ?"

"ஓம்."

"எவ்வளவு காலம்?"

"பன்னிரண்டு வருஷம்."

அவ கதிரையை இழுத்து உட்காருவது கேட்டது. பிறகு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கேட்கும் அதே குரலில் கேட்டா.

"அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு மீன் ஒண்டைத் திண்டால், அது செமிக்க எத்தினை நாள்?"

நான் சேவியரைப் பார்த்தேன். அவர் எழுந்து லியாவையும் கூட்டிக்கொண்டு மற்ற அறைக்குப் போனார். லியா கதவருகில் நின்றுவிட்டாள்.

தெரிந்ததைச் சொன்னேன்.

"இங்க எண்டால் தண்ணி குளிர், மச்சாள். நாலஞ்சு நாளும் எடுக்கும். எங்கட கடல் சூடு. அங்க ஒரு நாள் போதும். பெரிய மீன், நிறையத் திண்டது எண்டாலும் ரெண்டு மூண்டு நாள்."

"எலும்பு?"

"எலும்பு கடைசியா. அதுவும் கரையும். மீன் வயித்தில இருக்கிறது அமிலம்தானே."

"மோதிரம்?"

"அது கரையாது. ஆனால் உள்ளுக்கு நிக்கவும் நிக்காது. கக்கிப்போடும், இல்லாட்டி வெளியில போயிடும்."

"அப்ப ஒரு கிழமையில எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"ஓம், மச்சாள்."

"அந்த மீன்கள் இப்பவும் இருக்குமோ?"

"இல்லை. சூடை, நெத்தலி எல்லாம் ஒரு வருஷம், ரெண்டு வருஷம். பாரை, விளை கொஞ்சம் கூட. சில சுறா, சில பெரிய மீன் இருக்கலாம். சந்தைக்கு வாறதில அண்டைக்குக் கடலில இருந்த மீன் எண்டு அநேகமா ஒண்டும் இல்லை. அதுகளின்ர பிள்ளைகளும் இல்லை."

இதைச் சொல்லும்போது என் குரல் ஹில்டெயின் குரல் மாதிரி இருந்தது. அவர் பார்வையாளர்களுக்கு விளங்கப்படுத்தும் குரல்.

மச்சாள் நெற்றியைத் தடவினா. "இருவது வருஷமா நான் எதைச் சாப்பிடாமல் இருக்கிறன், ஜெனி?"

இது கேள்வி அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது. அதைச் சொல்ல நான் எண்ணியிருக்கவில்லை.

"மச்சாள், அண்ணா சந்தைக்குத்தான் வெளிக்கிட்டவர். நான்தான் நிலாவெளிக்குப் போகச் சொன்னனான்."

"தெரியும்."

"என்னெண்டு?"

"பூசை முடிஞ்சு வரேக்க சந்தியில கண்டனான். சைக்கிளை நிப்பாட்டிச் சொன்னவர். தங்கச்சிக்குச் சந்தை மீன் வேண்டாமாம், நிலாவெளிக்குப் போட்டு வாறன் எண்டு."

இருபத்தொரு வருடம் என்று கணக்குப் பார்க்கக்கூட எனக்கு வரவில்லை. "அப்ப ஏன் ஒரு நாளும் கேக்கேல்லை?" என்றேன்.

"நீ சொல்லுவாய் எண்டு இருந்தனான். முதல் வருஷம் அதுக்காகத்தான் உன்னோட கதைக்க எடுப்பன். பிறகு மறந்துபோட்டன் எண்டு நினைச்சன்." மூச்சு விட்டா. "நானும் ஒண்டு சொல்லேல்லைத்தானே. றால் கிடைச்சால் அதையும் பாத்து வாங்குங்கோ, கொஞ்சம் நிண்டெண்டாலும் வாங்குங்கோ எண்டு நான் சொல்லிவிட்டனான். உன்ர அம்மாவுக்குக்கூட அதைச் சொல்லேல்லை."

திரையில் அவவின் முகம் அசையாமல் நின்றது. இணைப்புப் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை, அவ கண்ணிமைத்தா.

"சரி," என்றா மச்சாள். "பிள்ளை பக்கத்தில நிக்கிறாளோ? குடு."

லியா வந்து கைபேசியை வாங்கினாள். அவளுடைய தமிழ் அவசரத்தில் உடைந்து போகும். "மாமி, சொறி. எனக்குத் தெரியாது. நீங்கள் கோவமா?" என்றாள்.

"இல்லையடா. உனக்கு அந்த வேலை பிடிச்சுதோ?"

"ஓம். நல்லா பிடிச்சுது."

"அப்ப நல்லாப் படி."

கதைத்து முடித்ததும் லியா என்னிடம் எல்லாவற்றையும் கேட்டாள். நோர்வீஜிய மொழியில் கேட்டாள், நான் தமிழில் சொன்னேன். விளங்காத இடத்தில் கையைப் பிடித்து நிறுத்தினாள். முற்றத்தில் நான் சொன்னதையும் சொன்னேன். அவள் அழுதாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேற்ற வேண்டும் என்று தெரிந்தது, முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

தன் கட்டுரையை அவள் வெள்ளிக்கிழமை கொடுத்தாள். வெப்பம், அளவு, பயம் என்று எல்லாம் சரியாக எழுதியிருந்தாள். மாமாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "அது எங்கட வீட்டுக் கதை" என்றாள். 'எங்கட' என்று தமிழில் சொன்னாள்.

6

மார்கழி இருபத்தாறு இங்கே விடுமுறை. ஆனால் மீன்களுக்குக் குறித்த மணித்தியாலம் வந்தால் போகத்தான் வேண்டும். காலையில் போய் எட்டு மீன் திறந்தேன். வழக்கமாக அன்றைக்கு மச்சாள் அண்ணாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு ஒரு வரி எழுதுவா. இந்த முறையும் எழுதினா. வேறொன்றும் இல்லை.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கிய கிழமையில் ஒரு நாள் காலையில் மச்சாள் அழைப்பு எடுத்தா. நான் வேலைக்குப் போகாத நாள். அவ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சீலை மாற்றாமல் இருந்தா.

"ஜெனி, விடிய றபீக் நானாவை மறிச்சனான்."

றபீக் நானா கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி லிங்கநகரில் மீன் விற்பவர். எல்லா வாசலிலும் ஹோண் அடிப்பார். எங்கள் வாசலில் மட்டும் அடிக்காமல், வேகத்தையும் குறைத்துக்கொண்டு போவாராம். இத்தனை வருடமும் அப்படித்தானாம். இதை மச்சாள் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

"நில்லுங்கோ நானா எண்டன். அவர் நிண்டார். என்ன தங்கச்சி, ஏதும் உதவி வேணுமோ எண்டு அவர் என்னைக் கேக்கிறார். மீன் வேணும் எண்டன். ஆருக்கு எண்டார். எனக்குத்தான் எண்டன். மனுசன் பெட்டியைத் திறக்கேல்லை, கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடிச்சபடி நிண்டார். பிறகு திறந்து, கிடந்ததுக்குள்ள நல்ல சூடையாப் பாத்துத் தெரிஞ்சு தந்தார். அவரும் அந்த நாள் மகளைக் கடலுக்குக் குடுத்தவர். உனக்குத் தெரியுமோ?"

"இல்லை மச்சாள்."

"எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும்."

சட்டி இல்லாமல் சோற்றுப் பானையிலேயே வைத்தாவாம். புளி எவ்வளவு விடுவது என்று மறந்துபோய், பக்கத்து வீட்டில் கேட்கவும் வெட்கமாக இருந்ததாம்.

"சாப்பிட்டனீங்களோ?"

"ஓம். ரெண்டு மீன்."

"எப்பிடி இருந்தது?"

அவ யோசித்தா. "ருசி ஒண்டும் தெரியேல்லை. முள்ளு எடுக்கவும் மறந்துபோச்சு. ஒண்டு தொண்டையில நிண்டுது. சோத்தை உருட்டி விழுங்கினன், போட்டுது."

"பிறகு?"

"பிறகென்ன. கோப்பையைக் கழுவி வைச்சிட்டுப் பள்ளிக்கூடம் போனனான். முதலாம் வகுப்புக்குப் புதுப் பிள்ளையள் வந்திருக்குதுகள், ஒரே அழுகை."

அந்தப் பிள்ளைகளைப் பற்றி அவ கொஞ்ச நேரம் சொன்னா. நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவ வைத்த பிறகும் கைபேசியைப் பிடித்தபடி நின்றேன். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பசித்தது. பாண் வெட்டி, வெண்ணெய் பூசி, நின்றபடியே சாப்பிடத் தொடங்கினேன். பிறகு ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்து சாப்பிட்டேன்.